நூற்றுப் பன்னிரண்டு இட்லித் தட்டுகள்

உலக வரலாற்றின் போக்கைத் திசைதிருப்பிய மாபெரும் நிகழ்ச்சியொன்று, 2068ஆம் ஆண்டு சித்திரை மாதம் பதினேழாம் நாள் காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு, கருங்காலிப்பேட்டைப் பேரூராட்சி, கிணற்றடித் தெரு, பதினோராம் எண் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்கும் கறிவேப்பிலை மரத்துக்கும் நடுவே நிகழ்ந்தேறியது என்பதை அனைத்துலக மக்களுக்கும் இதன்மூலம் அறிவித்துக்கொள்கிறோம்.

நிகழ்ந்தபோது அது வரலாறு என்று யாருக்கும் தெரியாது. அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த தெய்வானைக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். குழாய்த் தண்ணீரின் சூடு முப்பத்தெட்டு டிகிரிக்குக் கீழே இறங்காவிட்டால் அவள் கணவர் வரதப்பன் பிழைக்கமாட்டார்.

தண்ணீர் ஏன் சுட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

ஊருக்கு மேற்கே, ஏரியை ஒட்டி, ஜன்னலே இல்லாத பதினாறு மாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. பெயர் பனிமுகடு பேரறிவு மையம். உள்ளே மனிதர்கள் குறைவு, கணிப்பொறிகள் அதிகம். பதினோரு வருடங்களாக அவை எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தன: சூடேறிப்போன இந்தப் பூமியைக் குளிர்விப்பது எப்படி? கணக்குப் போடப் போட எந்திரங்கள் கொதித்தன. அவற்றைக் குளிர்விக்க, ஏரித் தண்ணீர் முதலில் கட்டடத்துக்குள் போய், எந்திரங்களின் சூட்டையெல்லாம் வாங்கிக்கொண்டு, அறுபத்து மூன்று டிகிரியில் வெளியே வந்தது. அந்தத் தண்ணீர்தான் அப்படியே ஊருக்குக் குடிநீர்.

இதை மக்களிடம் எப்படிச் சொல்வது என்று நிறுவனம் திகைத்து நின்றபோது கைகொடுத்தவர் வார்டு கவுன்சிலர் குணசீலன். "இல்லந்தோறும் இலவச வெந்நீர்த் திட்டம்" என்று பெயர் வைத்தார். திறப்பு விழாவை மார்கழி மாதத்தில் வைத்தார். சூட்சுமமே அதில்தான் இருந்தது. பனியில் நடுங்கிக்கொண்டிருந்த ஊர், குழாயைத் திறந்ததும் ஆவி பறக்க வந்த தண்ணீரைப் பார்த்துக் கைதட்டியது. குணசீலனுக்கு "வெந்நீர் வேந்தர்" என்று பட்டம் கொடுத்தது. பட்டத்தை எழுதி வாசித்தவரும் குணசீலன்தான்.

பிறகு பங்குனி வந்தது.

டம்ளரைத் துண்டால் பிடித்துத் தண்ணீர் குடித்தார்கள். குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் பிடித்துவிட்டு, அது ஆறுவதற்குள் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டார்கள். செடிகொடிகள் வேரோடு அவிந்தன. கழிவறைக்குப் போகிறவர்கள் போகுமுன் சற்றுத் தைரியம் திரட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. சரி, பிடித்து வைத்து ஆறவிடலாமே என்றால் கொசு ஒழிப்புச் சட்டம் குறுக்கே நின்றது. ஒரு மணி நேரத்துக்கு மேல் தண்ணீரைத் தேக்கி வைத்தால் வானத்திலிருந்து ஒரு குட்டி டிரோன் வந்து அண்டாவைப் படமெடுத்துக்கொண்டு போகும். ஃபிரிட்ஜ் என்றால் மின்சாரம் வேண்டும். மின்சாரம் பனிமுகட்டுக்குப் போக மிச்சம்தான் ஊருக்கு.

வரதப்பன் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். இரண்டு சிறுநீரகங்களும் அவருக்கு முன்னதாகவே ஓய்வுபெற்றுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள், நாள் ஒன்றுக்கு நான்கு மணி நேரம், வீட்டிலேயே டயாலிசிஸ். எந்திரம் அரசாங்கம் கொடுத்தது. நல்ல எந்திரம், மரியாதை தெரிந்தது. தண்ணீர் முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டினால் பூட்டிக்கொண்டு, இனிமையான குரலில் பேசும்:

"நீரின் வெப்பம் வரம்பை மீறியுள்ளது. தயவுசெய்து குளிர்ந்த நீரை வழங்கவும். தங்கள் உடல்நலமே எங்கள் மகிழ்ச்சி."

முன்பு இப்படிப்பட்ட வீடுகளுக்காகக் காலை ஏழிலிருந்து பதினொன்று வரை நிறுவனமே சூட்டைக் குறைத்துத் தண்ணீர் விட்டது. சித்திரை பத்தாம் நாளோடு அதை நிறுத்திவிட்டார்கள். கணக்கு இறுதிக் கட்டத்தை எட்டிவிட்டதாம். உலகத்துக்காக ஊர் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டுமாம்.

இரண்டு முறை தவறிப்போயிற்று. வரதப்பனின் கால் இரண்டும் தூண்போல் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டியது. மாவட்ட ஆஸ்பத்திரியில் அடுத்த முறைக்கு ஒன்பது நாள் கழித்து எண் கொடுத்தார்கள். "அதுவரைக்கும் தாங்குமா டாக்டர்?" என்று தெய்வானை கேட்டதற்கு, டாக்டர் பேனாவை மூடினார்.

தெய்வானை அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆய்வக உதவியாளர். இருபத்திரண்டு வருடங்களாகப் பிப்பெட்டும் பியூரெட்டும் கழுவியவள். நான்கு இயற்பியல் ஆசிரியர்கள் ஒரே பாடத்தை நான்கு விதமாகத் தப்பாகச் சொல்லிக் கேட்டதில், சரியானது எது என்று அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

அன்று ஆய்வக அலமாரியில் கிடந்த, செத்துப்போன பழைய கணிப்பொறி ஒன்றின் வயிற்றிலிருந்து ஒரு பொருளை எடுத்து வந்து வரதப்பன் முன்னால் வைத்தாள். உள்ளங்கை அளவு அலுமினியக் கட்டி. மேலே சீப்புப் பற்கள்போலத் தகடு தகடாக நின்றது.

"இன்னா தெய்வா இது, தலை சீவவா?" என்றார் வரதப்பன், மூச்சு வாங்கிக்கொண்டே. "இருக்கற முடிக்கு இது ரொம்பப் பெருசு."

"கம்ப்யூட்டர் சூடாகாம இருக்க இதைத்தாங்க வெப்பாங்க. கரண்டு வேணாம், ஒண்ணும் வேணாம். சூடு தகடு வழியாப் பரவிக் காத்துல எறங்கிடும்."

"இம்மாத்தூண்டுல எப்படி எறங்கும்?"

"உங்க பஸ்ல ரெண்டு வாசல் இருந்துச்சே. டெர்மினஸ்ல எல்லாரும் எறங்க எவ்ளோ நேரம் ஆச்சு?"

"இடிச்சிக்கினு எறங்குவானுங்க. அஞ்சு நிமிஷம்."

"நூறு வாசல் இருந்தா?"

வரதப்பன் அந்தக் கட்டியை வாங்கித் தகடுகளுக்கு நடுவே நகத்தை ஓட்டிப் பார்த்தார். "அப்போ நமக்கு நூறு தகடு வேணும். வட்டமாவோ சதுரமாவோ, மெல்லிசா, நடுவுல ஓட்டையோட. காத்து போகத் தகட்டுலயும் ஓட்டை இருந்தா நல்லது. அதுக்கு எங்கடி போவ?"

தெய்வானை எழுந்தாள். அடுப்பங்கரைக்குள் போய் இட்லிப் பானையின் மூடியைத் திறந்தாள்.

இட்லித் தட்டைப் போன்ற பொருளை உலகத்தில் வேறெந்த நாட்டானும் செய்து வைக்கவில்லை. அலுமினியம். மெல்லிய வட்டம். நடுவில் தண்டு நுழைய ஒரு துளை. குழிக்குக் குழி ஆவி போகப் பொத்தல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவதற்கென்றே பிறந்தது. இத்தனை நாளும் சூட்டை உள்ளே வாங்கிக்கொண்டிருந்ததை இனி வெளியே விடச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டில் இருந்தவை நான்கு. தேவைப்பட்டவை நூற்றுக்கு மேல். பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவிடம் முதலில் கேட்டாள்.

"இட்லித் தட்டா? தர்றேன். எப்போ திருப்பித் தருவே?" என்றார் ஜைத்தூன்.

"அவர் கால் வீக்கம் வடிஞ்சதும்."

ஜைத்தூன் அதற்குமேல் கேட்கவில்லை. தெருமுனை வரைக்கும் வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு அவரே நடந்தார். மறுநாள் பொழுது விடிவதற்குள் இருபத்து மூன்று வீட்டிலிருந்தும் தட்டுகள் வந்து இறங்கிவிட்டன. தெய்வானையுடையதையும் சேர்த்துத் தொண்ணூற்றாறு. எல்லாம் கண்ணைக் கூசவைத்தன. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, முகம் பார்க்கிற அளவுக்கு மின்ன வைத்து அனுப்பியிருந்தார்கள். அடுத்த வீட்டுக்கு இரவல் போகும் பாத்திரம் கறுத்திருந்தால், தெருவில் அந்தக் குடும்பத்தின் மானம் எவ்வளவு தூரம் போகும் என்பது கருங்காலிப்பேட்டையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

கடைசியாக வந்தவர் மெஸ் நடத்தும் பரசுராமன். பதினாறு தட்டு. விறகடுப்புப் புகையும் உப்புத் தண்ணீர்க் கறையும் ஏறி, எருமைத்தோல் மாதிரி இருந்தன.

"அய்யோ, இதுலயா அண்ணே எல்லாருக்கும் இட்லி ஊத்தறீங்க?" என்று ஜைத்தூன் மூக்கைப் பிடித்தார்.

"துணி போட்டுத்தான் ஊத்தறேன். சாப்பிடறவன் தட்டையா பாக்கறான்?" என்றார் பரசுராமன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

தண்டுக்குப் பள்ளி ஆய்வகத்தின் எவர்சில்வர் எரிவாயுக் குழாய். அதில் எரிவாயு வந்து பத்து வருடம் ஆகிறது. கேட்டதற்குத் தலைமையாசிரியர், "விண்ணப்பம் எழுதிக் குடுங்க, பரிசீலிக்கலாம்" என்றார். தெய்வானை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, பரிசீலனை முடிவதற்குள் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். தட்டுகளைக் குழாயில் கோத்து, இடைவெளி விட்டு, ஒவ்வொரு துளையிலும் பிரியாணிப் பொட்டலத்து அலுமினியத் தாளைக் கசக்கித் திணித்து இறுக்கினாள். தட்டு குழாயை ஒட்டி நின்றால்தான் சூடு ஏறும். பத்துப் பன்னிரண்டு தட்டுக்கு ஒரு கோபுரம். அப்படிப் பத்துக் கோபுரங்கள். மெஸ் தட்டுகள் பதினாறையும் மட்டும், பார்வைக்கு மறைவாக, கடைசிக் கோபுரத்திலேயே நெருக்கிப் போட்டாள். இந்தப் பக்கம் குழாய்த் தண்ணீர், அந்தப் பக்கம் வரதப்பனின் எந்திரம்.

காலைக் காற்று முப்பத்தொரு டிகிரி. குழாயைத் திறந்தார்கள். உள்ளே போன தண்ணீர் அறுபத்து மூன்று. வெளியே வந்தது நாற்பத்து நான்கு.

"நீரின் வெப்பம் வரம்பை மீறியுள்ளது. தயவுசெய்து..."

"வாயை மூடு" என்றாள் தெய்வானை.

தெரு முழுவதும் கொல்லையில் நின்றது. ஆறே டிகிரி. அந்த ஆறு டிகிரிக்குள்தான் உள்ளறையில் ஒரு மனிதர் தலையணைகளைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார்.

தெய்வானை ஒவ்வொரு கோபுரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோனாள். எங்கேயாவது தாள் தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். மின்னுகிற தட்டுகளுக்கு அரையங்குலம் பக்கத்தில் கை போயும் வெக்கையே இல்லை. விரல் பட்டதும் சுரீரென்றது. சூடு இருந்தது, ஆனால் வெளியே வராமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தது. கடைசிக் கோபுரம், எல்லாவற்றிலும் ஆறியிருக்க வேண்டியது. அதற்கு ஒரு சாண் தூரத்தில் கையை நீட்டியபோதே, அடுப்பு வாயில் கை வைத்தாற்போல் வெக்கை அடித்தது.

அவள் பரசுராமனைத் திரும்பிப் பார்த்தாள். பரசுராமன் பயந்துபோனார்.

"நான்தான் சொன்னேனேம்மா, கழுவலைன்னு..."

"அண்ணே, உங்க சோம்பேறித்தனத்துக்குக் கோயில் கட்டணும். அக்கா! மினுமினுப்பு சூட்டைப் பிடிச்சு வெச்சிக்குது. கறுப்பு வெளியே வீசிடுது. எல்லாத் தட்டையும் கறுப்பாக்கணும்."

அப்போதுதான் கிணற்றடித் தெருவில் உண்மையான நெருக்கடி ஏற்பட்டது. சூடான தண்ணீரைச் சகித்தார்கள், மின்வெட்டைச் சகித்தார்கள், குணசீலனைக்கூடச் சகித்தார்கள். இதைச் சகிக்க முடியவில்லை.

"என் கல்யாணச் சீர் தட்டும்மா அது!"

"முந்தாநாள் ராத்திரி முழுக்கத் தேய்ச்சேன், தோள்பட்டை இன்னும் வலிக்குது!"

"கறுப்புத் தட்டோட வெளியூருக்காரன் யாராவது பாத்தா நம்மளப் பத்தி இன்னா நெனைப்பான்?"

ஜைத்தூன்தான் முதலில் அசைந்தார். உள்ளே போய் விளக்கெண்ணெயும் திரியும் கொண்டுவந்தார். கண்மைக்குக் கரி பிடிப்பதுபோல, திரியை ஏற்றித் தன் வீட்டுத் தட்டைச் சுடருக்குமேல் கவிழ்த்துப் பிடித்தார். முகம் பார்த்த தட்டு மெல்ல மெல்ல இருண்டது. "வரதண்ணன் கண்டக்டரா இருந்தப்போ என் புள்ளைக்காக பஸ்ஸை எத்தனை தடவை நிறுத்தி வெச்சிருப்பாரு. மானம் போனாப் போவுது" என்றார்.

ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். பிறகு அவளும் திரி கொளுத்தினாள். ஒரு மணி நேரத்தில் கிணற்றடித் தெருவின் மானம் மொத்தமும் கரியாயிற்று.

சித்திரை பதினேழு, காலை ஏழு மணி பத்து நிமிடம் என்று முதலில் அறிவித்தோமே, அது மறுநாள் காலைதான்; தட்டுகளைத் திரும்பக் கோத்து இறுக்குவதில் அன்றைய பொழுது போய்விட்டது. நூற்றுப் பன்னிரண்டு கறுப்புத் தட்டுகள் கொல்லையில் அணிவகுத்து நின்றன. குழாயைத் திறந்தார்கள். வெப்பமானி நாற்பத்து நான்கைத் தொட்டது. நாற்பதுக்கு வந்தது. முப்பத்தொன்பதில் சற்று நின்று யோசித்தது. பிறகு முப்பத்தேழுக்கு இறங்கி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

எந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. "சிகிச்சை தொடங்குகிறது. தங்கள் உடல்நலமே எங்கள் மகிழ்ச்சி."

உள்ளறையிலிருந்து, மூச்சு எட்டிய மட்டும் உரக்க, வரதப்பனின் குரல் வந்தது: "போலாம் ரைட்!"

தெரு ஆர்ப்பரித்தது. பரசுராமன் அழுதார். தெய்வானை மட்டும் கரிக் கையோடு துவைக்கிற கல்லில் உட்கார்ந்து, வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தாள்.

எட்டு மணிக்கு நிறுவனத்தின் வண்டி வந்தது. இறங்கியவர் இணக்க அலுவலர் நிரஞ்சன், விதிமீறல்களைப் பிடிக்கிறவர். முழுக்கைச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் நோட்டீஸ். டிரோன் எடுத்த வெப்பப் படத்தில் இந்த வீட்டுக் கொல்லை அடுப்புபோல் சிவந்து தெரிந்ததாம்.

"மேடம், இது அனுமதியற்ற வெப்ப விடுவிப்புக் கருவி. பதினான்காவது பிரிவின்படி, வழங்கப்படும் நீரும் அதிலுள்ள வெப்பமும் நிறுவனத்தின் உடைமை. வெப்பத்தைப் பிரித்தெடுத்து வெளியேற்ற உங்களுக்கு உரிமை இல்லை. கருவியைப் பறிமுதல் செய்ய வந்திருக்கோம்."

"சூடு உங்களோடதா சார்?" என்றாள் தெய்வானை.

"சட்டப்படி ஆமாம்."

"அப்போ எடுத்துட்டுப் போங்க. கொல்லை முழுக்கக் கெடக்குது. சாக்குப்பை தரட்டுமா?"

தெரு சிரித்தது. நிரஞ்சன் சிரிக்கவில்லை. கோபுரத்தைப் பிடுங்கப் போன, அவரோடு வந்த ஆளை உள்ளிருந்து வந்த எந்திரத்தின் குரல் நிறுத்தியது. "சிகிச்சை நடைபெறுகிறது. நீர் இணைப்பைத் துண்டிப்பது தண்டனைக்குரிய குற்றமாகும்." அதுவும் சட்டம்தான். நிரஞ்சன் சட்டத்தை மதிக்கிறவர். "எப்ப முடியும்?" என்றார்.

"பதினோரு மணி ஆகும். உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒன்பதரைக்கு வெயில் ஏறியது. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. ஜைத்தூன் ஆவி பறக்க ஒரு டம்ளரை நீட்டினார். "தண்ணி குடிங்க சார். உங்க தண்ணிதான். அறுபத்து மூணு டிகிரி."

நிரஞ்சன் வாங்கினார். உதட்டில் வைத்தார். வெடுக்கென எடுத்தார். "இதையா குடிக்கிறீங்க?"

"நீங்க எதைக் குடிக்கிறீங்க?"

"குவார்ட்டர்ஸுக்கு வேற லைன்" என்றார் நிரஞ்சன். சொன்ன பிறகுதான் அது தன் காதிலேயே விழுந்ததுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

தெய்வானை கடைசிக் கோபுரத்தின் முனையிலிருந்து ஒரு டம்ளர் பிடித்துக் கொடுத்தாள். முழுவதையும் குடித்தார். இன்னொன்று கேட்டார். அதன்பிறகு உட்காரவில்லை. கோபுரம் கோபுரமாகச் சுற்றி வந்து அளந்தார், பொத்தல்களை எண்ணினார், பதினான்கு படம் எடுத்தார்.

"எதுக்கு சார் இத்தனை படம்?"

"குற்றத்துக்குச் சாட்சியம் முழுமையா இருக்கணும் மேடம்." முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பறிமுதலுக்கு மேலிடத்து உத்தரவு வரட்டும். அதுவரை கருவி இங்கேயே இருக்கலாம்."

பனிமுகட்டில் எந்தக் காகிதமும் பேரறிவைத் தாண்டாமல் மேலிடத்துக்குப் போகாது. பூமியைக் குளிர்விக்கும் வழியைப் பதினோரு வருடமாகத் தேடிக்கொண்டிருந்த எந்திரம், அன்று மாலை, குற்ற எண் 4471, சாட்சியம் ஒன்றிலிருந்து பதினான்கு வரை என்ற கோப்பைப் படித்தது. கணக்கு நின்றது. கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். திரையில் ஒரே ஒரு பரிந்துரை வந்தது:

"முதலில் என்னை இப்படிக் குளிர்வியுங்கள். ஊர்த் தண்ணீரை ஊருக்கு விடுங்கள். மற்றதைப் பிறகு யோசிக்கலாம்."

பத்தே நாளில் விழா. வெந்நீர் வேந்தர் குணசீலன் மேடையேறி, இந்தத் தொழில்நுட்பம் நெடுநாளாகத் தம் சிந்தையில் கனன்றுகொண்டிருந்தது என்றார். "குளிர்நீர்க் கோமான்" என்ற பட்டத்தைக் கண்கலங்க ஏற்றுக்கொண்டார். நிறுவனத்தின் தலைவர் காணொளியில் தோன்றி, "இது மானுட அறிவின் வெற்றி" என்றார். யாருடைய அறிவு என்று சொல்லவில்லை. குற்ற எண் 4471 கைவிடப்பட்டது. தெய்வானைக்குக் கம்பளிச் சால்வை போர்த்தினார்கள், சித்திரை வெயிலில்.

அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. முன்வரிசையில் வரதப்பன் செருப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வாரமாகக் காலில் நுழையாத செருப்பு. மேடைக்குப் பக்கத்திலிருந்த குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் முப்பத்து நான்கு டிகிரியில் கொட்டியது. ஊர்ப் பிள்ளைகள் உடுப்போடு அதில் போய் விழுந்தார்கள். ஜைத்தூன் முகம் கழுவிவிட்டு, துடைக்காமல், அப்படியே நின்றார். நிரஞ்சன் கூட்டத்தின் கடைசியில் டம்ளரோடு வரிசையில் நின்றிருந்தார்.

விழாவுக்கு முந்தைய அந்தப் பத்து நாளில் பனிமுகட்டுக்கு வேண்டியிருந்த தட்டுகள் ஏழு லட்சம். செய்து வாங்க டெண்டர் விட்டால் இரண்டு வருடம் ஆகும் என்பதால், தேசநலன் கருதி மாவட்டம் முழுவதும் வீட்டுக்கு வீடு தட்டுகளைத் திரட்டினார்கள். கறுப்பாகவே கொடுக்கலாம் என்று மூன்று நாள் ஒலிபெருக்கியில் அறிவித்தும், ஏழு லட்சமும் பளபளவென்று தேய்த்துத்தான் வந்து சேர்ந்தன. கரி பூசும் வேலைக்குப் பரசுராமன் மேற்பார்வையாளர் ஆனார். கோபுரங்கள் பதினாறு மாடிக்கும் எழுந்தன. தண்ணீர் குளிர்ந்தது, எந்திரம் குளிர்ந்தது, வரதப்பனின் கால் வடிந்தது.

தட்டுகள் போன மறுநாள் காலை மாவட்டம் முழுவதும் உப்புமா.